கூண்டுக்குள் நாற்பது விநாடி

கழுத்தில் எப்போதும் ஒரு சாவி தொங்கியதால் அவளை எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான். பதிவேட்டில் இருந்த பெயரை வாசல் காவலாளி மட்டும் காலையில் ஒரு தடவை வாசிப்பார், அதுவும் தப்பாக.

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய வட்டக் கட்டடத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாட்டு மைதானம் என்று தோன்றும். உள்ளே கனத்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் ஒரு வளையக் குழாய். அதில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடுகிற மாதிரி நாள் முழுக்கச் சுற்றும். வளைவில் திரும்பும்போதெல்லாம் அவற்றிலிருந்து எக்ஸ் கதிர் தெறிக்கும். ஆஸ்பத்திரியில் கை உடைந்தால் எடுக்கிறார்களே, அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. வளையத்தைச் சுற்றி இருபத்திரண்டு இடங்களில் அந்தக் கதிரை வெளியே எடுத்து, சுவரெல்லாம் ஈயத் தகடு பதித்த ஓர் அறைக்குள் விடுவார்கள். அந்த அறைக்குக் கூண்டு என்று பேர். ஏழாம் நம்பர் கூண்டின் காலை ஷிஃப்ட் அவள் பொறுப்பு.

ஏழாம் நம்பருக்கு வருகிறவர்கள் புரதப் படிகங்களோடு வருவார்கள். நம் உடம்பிலும் சரி, ஒரு கிருமியின் உடம்பிலும் சரி, எல்லா வேலையையும் பார்ப்பது புரதம்தான். அதன் உருவம் தெரிந்தால்தான் எந்த மருந்து அதன் எந்த மடிப்பில் போய் உட்காரும் என்று தெரியும். அந்த உருவத்தைக் கண்ணாலோ சாதாரண நுண்ணோக்கியாலோ பார்க்க முடியாது. புரதத்தைப் பக்குவமாகப் படிகமாக வளர்க்க வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் முயன்றால் உப்புக்கல்லைவிடச் சின்னதாக ஒன்று கிடைக்கும். அதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, ஊசி முனையில் இருக்கும் ஒரு நுண்ணிய கண்ணியில் ஏந்தி, கதிருக்குக் குறுக்கே நிறுத்திச் சுழற்றுவார்கள். பின்னால் இருக்கும் டிடெக்டரில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் உருவத்தைக் கண்டுபிடிப்பது.

அவள் எந்தப் புரதத்தின் உருவத்தையும் கண்டுபிடித்தவள் இல்லை. இயற்பியலில் பட்டம் வாங்கினாள், மேலே படிக்கலாம் என்றிருந்தபோது இந்த வேலை வந்தது, பதினான்கு வருடம் ஓடிவிட்டது. வருகிறவர்களுக்குக் கூண்டைத் தயார் செய்து கொடுப்பது, ரோபோ கை ஊசியைக் கீழே போட்டால் எடுத்து மாட்டுவது, கதவைப் பூட்டிக் கதிரைத் திறப்பது. இதுதான் அவள் வேலை. நன்றாகச் செய்தாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "காலைல சாவி அக்கா ஷிஃப்ட்டா? அப்பாடா" என்பார்கள்.

அந்த வேலையிலேயே முக்கியமானது கூண்டைத் தேடுவது. கதிர் திறப்பதற்கு முன்னால் உள்ளே ஆள் இல்லை என்று ஒருவர் நடந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்காகவே கூண்டுக்குள் மூன்று சுவர்களில் மூன்று பொத்தான்கள். வரிசையாக ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டு வெளியே வந்து, கதவை மூடி, சாவியைத் திருப்ப வேண்டும். இருபது விநாடி உள்ளே ஹாரன் அலறும், மஞ்சள் விளக்கு சுழலும். தப்பித்தவறி யாராவது இருந்தால் கத்திக்கொண்டு ஓடி வரலாம். அதற்கப்புறம்தான் கதிருக்கு வழி திறக்கும்.

மூன்றாவது பொத்தான் டிடெக்டர் மேஜைக்குப் பின்னால் இருந்தது. ஆள் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்திருந்தார்கள். ஆனால் கொஞ்சம் எக்கினால் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே கை எட்டிவிடும். எல்லோரும் அப்படித்தான் அழுத்தினார்கள். அவளும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பேராசிரியையும் அவரிடம் ஆய்வு செய்கிறவனும் வந்திருந்தார்கள். அவனுக்கு முப்பது வயது இருக்கும். மருந்து கொடுத்தாலும் அதை வெளியே துப்பிவிடுகிற ஒரு கிருமி. துப்புகிற வேலையைச் செய்யும் புரதத்தைப் படிகமாக்க அவனுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிடைத்தது மொத்தம் பதினொரு படிகம். அவற்றை ஒரு எஃகுக் குடுவையில் வைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். இந்த இருபத்து நாலு மணி நேரத்துக்காக ஏழு மாதம் காத்திருந்தார்களாம்.

வந்த வேளை, வளையம் நின்றுபோனது. எங்கோ ஒரு காந்தத்துக்குக் குளிர்நீர் வரவில்லை. மூன்று மணி நேரம் சாப்பாட்டு அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூண்டின் கதவு திறந்தே கிடந்தது. அந்த நேரத்தில்தான் பம்ப் அண்ணன் வந்தார்.

பம்ப் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கட்டடத்தில் இருந்த அத்தனை வெற்றிடப் பம்புகளும் அவர் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இதுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்" என்பார். டிடெக்டர் மேஜைக்குக் கீழே இருந்த பம்ப் அதிர்கிறது என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கதவுப் பக்கத்தில் இருந்த பலகையில் அவர் தன் பெயர் அட்டையை மாட்டிவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்று கோட்டைக் கழற்றி வெளியே நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனார். போவதை அவள் பார்க்கவில்லை. நைட்ரஜன் நிரப்பப் போயிருந்தாள்.

பதினொன்று பத்துக்கு வளையம் திரும்பி வந்தது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கே அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இதோ ரெண்டு நிமிஷம்மா, ஓட விட்டுடறேன்" என்று கூண்டுக்குள் போனாள். பலகையில் பம்ப் அண்ணனின் அட்டை தொங்குவதைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதுதான் விஷயம். அவர் எப்போதும் அட்டையை எடுக்க மறந்துவிடுவார். எத்தனையோ சாயங்காலம் அவள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறாள். நேற்றையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் பொத்தான். இரண்டாவது பொத்தான். மூன்றாவதற்கு எக்கினாள்.

கதவு மூடியது. ஹாரன் அடித்து ஓய்ந்தது. கதிரைத் திறந்தாள். ரோபோ முதல் படிகத்தைக் கொண்டுபோய் மாட்டியது. திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்ததும் ஆய்வாளன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அக்கா, ஓரம் வரைக்கும் இருக்கு பாருங்க! ஓரம் வரைக்கும்!"

அவளும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். பக்கத்துத் திரையில் கூண்டுக்குள் இருக்கும் கேமராவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புக் கால் நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டது.

சிவப்புப் பொத்தானை எப்போது அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கை வலித்தபோதுதான் தெரிந்தது. கதிர் நின்றது. "என்னாச்சு? என்னாச்சுக்கா?" என்று அவன் பதறினான். "மேடம் போன் பேசப் போனாங்கள்ல, கூப்பிட்டு வாங்க, போங்க" என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

பம்ப் அண்ணன் மல்லாந்து படுத்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் அவர் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"அண்ணே, ஹாரன் அடிச்சுதே! கேக்கலையா உங்களுக்கு?"

"எந்த ஹாரன்?"

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மஞ்சள் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"திறந்துட்டியா?"

"நாற்பது விநாடி."

கூண்டின் பின்பக்கம் இருந்த அந்த இரண்டடி இடத்தில் நின்று, வெளியே ஆள் வருவதற்குள் அவர் மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வலது காது ஆறு வருடமாகச் சுத்தமாகக் கேட்காது. இடதில் பாதி. பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துச் சமாளிக்கிறார்.

"வருஷா வருஷம் காது டெஸ்ட் பண்றாங்களே அண்ணே?"

"சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். டெஸ்ட் பண்ற பொண்ணு சத்தம் விடறப்ப புருவத்தைத் தூக்குவா. அதைப் பார்த்து அழுத்திடுவேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தங்கச்சி, இது வெளியே தெரிஞ்சா என்னை இந்த ஹாலுக்குள்ளயே விட மாட்டாங்க. இன்னும் ரெண்டே வருஷம். வீட்டுல நானும் மாமியாரும்தான். காது கேக்காததுதான் எனக்கு அங்க இருக்கற ஒரே நிம்மதி. நாள் முழுக்க எப்படி உக்காந்திருப்பேன்? உனக்கும்தானே? உன் சாவியைப் பிடுங்கிடுவாங்க. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். யாரும் பார்க்கலை."

அவர் சொன்னது உண்மைதான். யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேமரா எதையும் பதிவு செய்து வைப்பதில்லை. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அட்டையைக் கழற்றிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனார். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டுகிற சின்ன வில்லை அந்தக் கோட்டின் பையில் குத்தியிருந்தது. அவர் உள்ளே இருந்தபோது அது வெளியே நாற்காலியில் கிடந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். அவள் எழுதினாள்: கதவு மூடியிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. சந்தேகத்தில் நிறுத்தினேன்.

எழுதும்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. விளக்கைப் பார்ப்பார்கள், சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள், ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்று காட்டுகிற விளக்கே பொய் சொல்கிறது என்றால் அது விளையாட்டில்லை. காரணம் தெரியும் வரை ஏழாம் நம்பரைத் திறக்கக் கூடாது என்று மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது.

பேராசிரியை யார் யாருக்கோ போன் செய்தார். மற்ற கூண்டுகளில் இடமில்லை. மறுநாள் காலை, ஆய்வாளன் எஃகுக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க கவனிச்சதே பெரிய விஷயம்க்கா. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

சாக்குத் தேடிப் பார்த்தாள். முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருந்தாள். வீட்டில் சண்டை இல்லை. மகளுக்குக் காய்ச்சல் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருந்த ஒரு நாளில், சும்மா, இரண்டடி நடக்கச் சோம்பிப்போய், ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். நாள் முழுக்க மற்றவர்கள் செய்யும் தப்புக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் போட்டுப் போட்டு, எதற்கும் பதறாத மனசு வந்துவிட்டது அவனுக்கு.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"தெரியலை."

"நடமாடறார்ல? அப்புறம் என்ன? தினமும் என் வண்டியில நாலு பேரு யாரையாவது இடிக்கப் பார்த்துத் தப்பிக்கிறாங்க. அதுக்கெல்லாம் போய் ஸ்டேஷன்ல சொல்லிட்டா இருக்கேன்? விடு. இனிமே ஜாக்கிரதையா இரு."

அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். வீட்டுக் கதவைச் சாத்துவதற்கு முன் திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். பீரோவைப் பூட்டுமுன் குனிந்து பார்த்தாள். "யாரைம்மா தேடற?" என்று ஒன்பதாவது படிக்கும் மகள் சிரித்தாள். நாலாவது தடவை சிரிக்கவில்லை.

பம்ப் அண்ணன் தினமும் ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். முழங்கையைத் திருப்பிக் காட்டுவார்.

"சிவந்திருக்கா பாரு."

"இல்லண்ணே. கதிர் நேரா உங்க பக்கம் வரலை. சிதறினது கொஞ்சம் பட்டிருக்கலாம். அதுவும் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்."

"கம்மின்னா எவ்ளோ?"

"தெரியலைண்ணே."

"காலைல தலை சீவினேன். பத்துப் பதினஞ்சு முடி வந்துச்சு. எப்பவும் வர்றதா, இதனாலயா?"

அவருக்கு இருந்ததே அந்தப் பத்துப் பதினைந்துதான் என்று வேறு சமயமாக இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பாள். யாரிடமாவது கேட்டால் அளந்து சொல்லிவிடுவார்கள். கேட்க முடியாது. அதனால் இரண்டு பேரும் அந்தச் சிவக்காத முழங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் அவளை அதிகம் வதைத்தவன் நெட்டைதான். கதவுகள், பூட்டுகள், ஹாரன், விளக்கு என்று பாதுகாப்பு வயரிங் முழுவதையும் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். ஆறடி மூன்றங்குலம். ஏழாம் நம்பரின் கதவு வயரிங்கை ஒரு மாதம் முன்புதான் அவன் புதிதாக மாற்றியிருந்தான். ஆகவே மேலே இருப்பவர்களின் பார்வை முழுக்க அவன் மேல். தினமும் இரண்டு தடவை, "கிடைச்சுதா?" என்று கேட்டு ஆள் வந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டினான். கதவை நானூறு தடவை திறந்து மூடினான். கம்ப்யூட்டர் பதிவில் கதிர் ஓடியபோது கதவு திறந்ததாகவே இல்லை.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முழுசா அணைஞ்சுதா, மங்குச்சா?"

"மங்கின மாதிரி... இல்ல, அணைஞ்சுது."

"எவ்ளோ நேரம்?"

"கண்ணை மூடித் திறக்கற நேரம்."

"அப்ப ரோபோ ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடிட்டிருந்துச்சு."

ஒவ்வொரு பதிலையும் அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். எழுதி, அதை நம்பி, ரோபோ ஓடும்போது மின்சாரம் குறைகிறதா என்று ஒரு நாள் முழுக்க அளப்பான். அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அவனுக்கு ஒரு நாள் போனது. சாப்பாட்டு அறையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். "வீட்டுல போய்க்கூட கதவைத் திறந்து மூடிட்டு இருக்கேன்க்கா, பொண்டாட்டி திட்டறா" என்றான் ஒரு நாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கையில் ஒரு தாளோடு அவளிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முடிச்சிடறேன்க்கா. நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

வாங்கிப் படித்தாள். பச்சை விளக்கின் இணைப்பில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, வயரிங் செய்தபோது சரியாக முறுக்கவில்லை, இப்போது சரிசெய்யப்பட்டது என்று இருந்தது.

"திருகு தளர்ந்திருந்துதா?"

"இல்ல. எல்லாம் டைட்டாத்தான் இருந்துச்சு. ஆனா ஏதாவது ஒண்ணு எழுதணும்ல? காரணம் இல்லாம திறக்க விட மாட்டாங்க. என் மேலயே போட்டுக்கறேன். ஒருவேளை நான் முறுக்காமலேயே விட்டிருக்கலாம், யாரு கண்டா? இப்பல்லாம் எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை."

பேனாவை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இதைக் கிழிச்சுப் போடு."

"அக்கா?"

"விளக்கு அணையவே இல்லை. ஒரு செகண்டுகூட அணையலை. உள்ள ஆள் இருந்துச்சு. நான் சரியாத் தேடாம கதவைச் சாத்திட்டேன்."

அவனுக்குப் புரியச் சில விநாடி ஆனது. புரிந்ததும் கத்துவான் என்று நினைத்தாள். அவன் தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், சட்டைப் பையில் வைத்தான்.

"நானூறு தடவை" என்றான். திரும்பிப் போய்விட்டான்.

அவள் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போவதற்கு முன்னால் பம்ப் அண்ணனைத் தேடிப் போனாள். அவரிடம் சொல்லாமல் போவது நியாயமில்லை என்று பட்டது. பம்புகளின் இரைச்சலுக்கு நடுவில், அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாகச் சொன்னாள். அவர் கெஞ்சினார். பிறகு கோபப்பட்டார்.

"உன் மனசு லேசாகணும்னு என் தலையில கல்லைப் போடறே."

"அப்படித்தான் அண்ணே" என்றாள்.

பாதுகாப்பு அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். இருமல் வந்தபோது மட்டும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மூணாவது பொத்தானை எல்லாரும் இப்படித்தான் அழுத்தறாங்களா?" அவள் தயங்கினாள். பிறகு ஆமாம் என்றாள். அதனால் மற்ற ஷிஃப்ட்டுக்காரர்கள் ஆறு பேருக்கும் அவள் ஆகாதவளானாள்.

அன்றைக்கே அளவுக் கருவியை மேஜைக்கு அடியில், அவர் படுத்திருந்த இடத்தில் வைத்து, அதே நாற்பது விநாடி கதிரைத் திறந்து பார்த்தார்கள். பல்லுக்கு எடுக்கிற எக்ஸ்ரே அளவுகூட இல்லை. அளந்து முடிக்க ஒரு மணி நேரம்தான் ஆனது. ஒன்பது நாள் அந்த மனிதர் முடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பம்ப் அண்ணனைக் காது டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, ஹாலுக்குள் வரக் கூடாது என்று பின்பக்கப் பட்டறைக்கு மாற்றினார்கள். இனி பம்புகள் கழன்று அவரிடம் போகும், அவர் அவற்றிடம் வரமாட்டார். காதில் ஒரு கருவி வைத்துக்கொண்டார். அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, வருகிற குடுவைகளைச் சரிபார்க்கிற அறையில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது பொத்தானைப் பெயர்த்து, நடந்து போனால்தான் எட்டும் மூலையில் வைத்தார்கள்.

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றான் கணவன். பிறகு பல நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குப் போனாள். பம்ப் அண்ணன் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்தார். காதிலிருந்த கருவியைக் கழற்றி, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அவள் என்ன பேசினாலும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் நின்று பேசிவிட்டுத்தான் வந்தாள். அவர் ஒரு தடவைகூட அவள் வாயைப் பார்க்கவில்லை.

நெட்டை அவளிடம் மரியாதையாகத்தான் இருந்தான். ஆனால் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். எதிரே வந்தால், "வணக்கம் மேடம்" என்பான். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு வருடம் கழித்துப் பரீட்சை வைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். வாங்கிக்கொண்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். இப்போது அவள் கூண்டைத் தேட மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. வெளியூர்க்காரர்கள் வேறு ஷிஃப்ட் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பேராசிரியை மறுபடி வந்தது அதற்கும் சில மாதம் கழித்து. கூட வேறொரு பெண் வந்திருந்தாள்.

"அந்தத் தம்பி வரலையா?" என்று அவள் பேராசிரியையிடம் கேட்டாள்.

"அவனுக்கு ஆய்வுக் காலம் முடிஞ்சு போச்சும்மா. அடுத்த முறை கிடைக்கவே இத்தனை மாசம் ஆச்சு, அதுக்குள்ள நாங்க காட்ட ஒண்ணும் இல்லை, நீட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. இப்ப ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கறான். அவன் வளர்த்த படிகத்தை வெச்சுத்தான் இவ வேலை பார்க்கறா." பேராசிரியை பெருமூச்சு விட்டார். "அந்த விளக்கு அன்னைக்குன்னு பார்த்துக் கெட்டுச்சு பாருங்க. தலையெழுத்து."

விசாரணை அறிக்கை கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கவில்லை. அவர் இத்தனை நாளும் அந்த விளக்கைத்தான் நொந்துகொண்டிருந்திருக்கிறார். அவள் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"விளக்கு கெடலைம்மா" என்றாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பேராசிரியை கேட்டு முடித்தார். கூட வந்த பெண் குடுவையின் மூடியைத் திறக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆரம்பிக்கலாமா? நேரம் போகுது" என்றார் பேராசிரியை. அன்று முழுக்க வேலை விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை. மாலையில் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டை மேஜை மேல் வைத்தார். அதில் ஒரு போன் நம்பர்.

"அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் டியூஷனுக்குப் போனபின் போன் செய்தாள். அவனுக்கு அவள் குரல் உடனே அடையாளம் தெரியவில்லை. ஏழாம் நம்பர் என்றதும், "அட, சாவி அக்கா!" என்றான். அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அவள் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லி முடித்தாள்.

"உள்ள இருந்தவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டான்.

"இருக்கார்."

"சரி" என்றான். "பரீட்சை பேப்பர் திருத்திட்டு இருக்கேன்க்கா. நாளைக்குக் கொடுக்கணும். வெச்சிடறேன்."

கணவன் உள்ளேயிருந்து, "யாரு போன்ல?" என்றான். அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்று சொன்னாள். அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "முதல்லேர்ந்து சொல்லு" என்றான்.